நூற்று நாற்பத்தெட்டாவது கிலோமீட்டர்

"எனக்குத் தெரியாதது என்ன தம்பி இருக்கு?" என்று கேட்டாள் சாந்தாமணி.

இம்தியாஸ் ஒரு பின்சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுழல விட்டு, அதன் கோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மணிக்கு அறுபது கிராம் மாவுச்சத்து. அரை லிட்டர் தண்ணி, வெயில் அடிச்சா முக்கால். கூடவே உப்பு. ஓட்டி முடிச்ச அரை மணிக்குள்ள மாவுச்சத்தும் புரதமும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அப்படியும் ரெண்டு தடவை பாதி வழியில படுத்துட்டேன். ஏன்?"

சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது.

சாந்தாமணிக்கு நாற்பத்தைந்து வயது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவியல் நிபுணர். பதினாறு வருடங்களாக, நாளொன்றுக்கு அறுபது நோயாளிகளுக்கு யார் எதை எத்தனை மணிக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று அட்டவணை எழுதிக் கொடுக்கிறவள்.

இம்தியாஸ் அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். உக்கடத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டரைத் தொண்ணூறு மணி நேரத்துக்குள் இரண்டு முறை ஓட்டி முடித்தவன். ஊரில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லாம் அவனைக் கோச் என்பார்கள். சாந்தாமணிக்கு அது வாயில் வரவில்லை. தம்பி என்பாள்.

அவள் ஓட்ட நினைத்தது இருநூறு கிலோமீட்டர்தான். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் முறை நூற்றைம்பதில் கால் நின்றுவிட்டது. இரண்டாம் முறை நூற்று நாற்பதிலேயே கண் இருட்டி, சைக்கிளோடு சாலையில் சரிந்தாள். பின்னால் வந்த பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது.

அவள் கணவர் ஆறுச்சாமி சத்தம் போடுகிறவர் இல்லை. அன்றைக்கு அவளைக் கூட்டிப்போக வந்தவர், காரைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் ஒரே ஒரு தடவைங்க," என்றாள். "அதுலயும் முடியலைன்னா சைக்கிளை வித்துடறேன்."

அவர் தலையை ஆட்டினார்.

காலை நாலரை மணிக்குச் சைக்கிளில் ஏறினால்தான் அந்த வீட்டில் யாருக்கும் அவளிடம் எதுவும் வேண்டியிருக்காது. அதை விற்க அவளுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் உக்கடம் வந்தாள்.

இம்தியாஸ் ஒரு கம்பியை அரைத் திருகு திருகினான். பிறகு கேட்டான்.

"நேத்து ராத்திரி உங்க வீட்ல என்னக்கா சாப்பாடு?"

"அத்தைக்கு ராகிக் கஞ்சி, உப்புக் கம்மியா. அவருக்கு மூணு சப்பாத்தி, பீர்க்கங்காய்க் கூட்டு. பொண்ணுக்குப் பரீட்சை நேரம், சப்பாத்தியோட ரெண்டு முட்டை."

"உங்களுக்கு?"

அவள் சுழலும் சக்கரத்தைப் பார்த்தாள்.

"இருந்ததைச் சாப்பிட்டேன்."

"என்ன இருந்துச்சு?"

சக்கரம் நிற்கிற வரை யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை சத்தியமங்கலம் போயிட்டு வரலாம்," என்றான் இம்தியாஸ். "நூத்தி முப்பத்தஞ்சு கிலோமீட்டர். என் சாப்பாட்டை நீங்க பாத்துக்கோங்க. நான் ஒண்ணும் எடுத்துட்டு வரமாட்டேன்."

அவளுக்கு முகம் மலர்ந்தது. இது அவளுக்குத் தெரிந்த வேலை.

*

சனிக்கிழமை ராத்திரி அவள் தராசை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உருளைக்கிழங்கை அவித்து உப்புப் புரட்டினாள். பேரீச்சம்பழத்தில் கொட்டையை எடுத்துவிட்டு வேர்க்கடலை வைத்தாள். நாலு வாழைப்பழம், எட்டு கடலை மிட்டாய். எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி நேரம் எழுதினாள்.

ஞாயிறன்று ஒரு தப்பும் நடக்கவில்லை.

இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவன் பக்கத்தில் வண்டியைக் கொண்டுபோய் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "மெதுவா மெல்லுங்க. மேல ரெண்டு வாய் தண்ணி." அவன் சொன்னபடி செய்தான். சத்தியமங்கலத்தில் அவனுக்கு மோரில் கூடுதல் உப்புப் போட்டு வாங்கிக் கொடுத்தாள். திரும்பும்போது அவன் வேகம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அன்னூரைத் தாண்டியதும் அவளுடைய முன்சக்கரம் தானாக இடதும் வலதும் போனது. இறங்கினாள். சாலையோரப் புல்லில் உட்கார்ந்தாள். எதிரே இருந்த மைல்கல் இரண்டாகத் தெரிந்தது.

இம்தியாஸ் திரும்பி வந்து, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"பையில இன்னும் என்னக்கா இருக்கு?"

"ரெண்டு வாழைப்பழம். நாலு பேரீச்சை. பத்து ஐம்பதுக்கு ஒரு பழம், பதினொண்ணே காலுக்கு..."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

இம்தியாஸ் ஒரு வாழைப்பழத்தை எடுத்தான். உரித்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசி வரை தின்றான். தோலை ஓரமாக வைத்தான்.

"நல்ல பழம்," என்றான்.

அவள் கண்ணில் நீர் முட்டியது. அது கோபமா பசியா என்று அவளுக்கே தெரியவில்லை.

"காலையில இருந்து நான் எத்தனை தடவை சாப்பிட்டேன்?"

"பன்னெண்டு."

"நீங்க?"

அவள் விரல் விட்டு எண்ணப் பார்த்தாள். மடக்க ஒரு விரலும் கிடைக்கவில்லை. பையில் இன்னொரு பழம் இருந்தது. அதை எடுக்கக் கை போனது. அது அவனுக்கு ஒதுக்கியது என்ற நினைப்பில் பாதியிலேயே நின்றது.

இம்தியாஸ் அதையும் எடுத்தான். உரித்தான். இந்த முறை அவளிடம் நீட்டினான்.

ஊருக்குள் நுழையும்போது கேட்டான். "வீட்டுக்குப் போனதும் என்ன சாப்பிடுவீங்க?"

"அத்தைக்கு ஒரு மணிக்கு மாத்திரை. அதுக்குள்ள சமையல் முடியணும். அப்புறம் துணி கிடக்கு. அப்புறம் பாக்கலாம்."



மறுநாள் காலை மருத்துவமனையின் இரண்டாவது மாடிக்குப் படியேறும்போது அவள் தொடை இரண்டும் கல்லாகக் கனத்தன. கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினாள். மேலே இருந்து இறங்கி வந்த நோயாளி ஒருவர், "உடம்பு சரியில்லைங்களா மேடம்?" என்று கேட்டார்.

*

அவள் ஒரு வாரம் உட்கார்ந்து அட்டவணை போட்டாள். மேலே தன் பெயர், வயது, எடை. கீழே காலை நாலு மணி முதல் மாலை ஏழு மணி வரை ஒவ்வொரு இருபத்தைந்து நிமிடத்துக்கும் ஒரு வரி. ஓட்டி முடித்த பிறகு உடம்பு தேறுவதற்கான சாப்பாடு தனியாக.

கொண்டுபோய் இம்தியாஸிடம் கொடுத்தாள்.

அவன் முழுவதும் படித்தான். நாலாக மடித்தான். கடையில் ஒரு மேசை ஆடிக்கொண்டிருந்தது. அதன் காலுக்குக் கீழே செருகினான். மேசை ஆடுவது நின்றது.

சாந்தாமணிக்குச் சுருக்கென்றது.

"நீங்க மட்டும் நோன்புல முப்பது நாள் பட்டினியா இருக்கலையா? அப்பவும் சைக்கிள் ஓட்டறீங்களே?"

"ஆமாக்கா. நான் பட்டினி இருக்கேன். நீங்க பட்டினி இருக்கறதில்ல."

"பின்ன?"

"மறந்துடறீங்க."

"அதுக்குத்தானே அட்டவணை!"

"சரிக்கா," என்றான் இம்தியாஸ். "அப்படியே ஓட்டுங்க. நானும் அன்னிக்கு வரேன்."

அவளிடம் இன்னொரு பிரதி இருந்தது. அதைப் பார்த்து, ஓட்டுகிற நேரத்துக்கு மட்டும் போனில் முப்பத்திரண்டு அலாரம் வைத்தாள்.

*

ஆடி மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. காலை ஐந்து மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலிலிருந்து நாற்பது பேர் கிளம்பினார்கள். பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி. அங்கே பயண அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்ப வேண்டும். மாலை ஆறரைக்குள் மண்டபத்துக்கு வந்தால் கணக்கில் சேரும்.

போகும்போது காற்று முதுகில் இருந்தது. அலாரம் அடித்தது, சாப்பிட்டாள். அடித்தது, சாப்பிட்டாள். உருளைக்கிழங்கு, பேரீச்சை, மிட்டாய், மறுபடி உருளைக்கிழங்கு. பத்தே காலுக்குப் பழனி. கால் புதிதுபோல இருந்தது. இம்தியாஸைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்று. மிதித்தாலும் வண்டி நகர மறுத்தது. மண் கண்ணில் விழுந்தது. அலாரம் அடித்தது. வாயில் இருந்த பேரீச்சை விழுங்குவதற்குள் அடுத்தது அடித்தது. வயிற்றுக்குள் எல்லாம் அப்படியே கல்லாகக் கிடந்தது. அவள் அதன் மேலேயே போட்டுக்கொண்டிருந்தாள்.

உடுமலைக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள்.

வாய் கொப்பளித்துவிட்டு ஏறினாள். அலாரம் அடித்தது. பொட்டலத்தைப் பார்த்ததுமே குமட்டியது. அடுத்த அலாரம். அதற்கடுத்தது. அவள் ஒன்றும் தொடவில்லை. கோமங்கலம் தாண்டியதும், சைக்கிளில் இருந்த கருவி நூற்று நாற்பத்தெட்டு என்று காட்டியபோது, கால் நின்றது.

இரண்டு நாற்பது ஆகியிருந்தது.

"முடியல தம்பி," என்றாள். "வயிறு எதையும் ஏத்துக்க மாட்டேங்குது. என்னைக் கூட்டிப்போக வண்டிக்குச் சொல்லிடுங்க."

சாலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டின் முன்பகுதியில் சின்ன மெஸ் இருந்தது. இம்தியாஸ் அவள் சைக்கிளையும் தன் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போய் அங்கே சாய்த்து வைத்தான். பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடைக்காரம்மா அப்போதுதான் சாயங்கால டிபனுக்கு அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன கண்ணு வேணும்?"

"எதாவது குடுங்க," என்றாள் சாந்தாமணி.

"எதாவதுன்னு ஒண்ணு இங்க இல்லீங்கம்மா," என்றான் இம்தியாஸ். "கொஞ்சம் கழிச்சு வாங்க."

கடைக்காரம்மா அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அலாரம் அடித்தது. அவள் பத்து நிமிடத்துக்கு அதைத் தள்ளி வைத்தாள்.

ஐந்து நிமிடம் கழித்து அவர் திரும்ப வந்தார். "சொல்லு கண்ணு."

"ரெண்டு இட்லி," என்றாள் சாந்தாமணி. "எளிதா செரிக்கும். அரை டம்ளர் தண்ணி, சிட்டிகை உப்பு."

"அது யாருக்குக்கா?" என்றான் இம்தியாஸ்.

"எனக்குத்தான்."

"பதினாலாம் நம்பர் பெட்டுக்கு எழுதற மாதிரி இருக்கு." அவன் கடைக்காரம்மாவைப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் கழிச்சும்மா."

"அட என்னப்பா நீ! அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு, வெளுத்துக் கெடக்குது," என்று அவர் சத்தம் போட்டார். ஆனாலும் போனார்.

"நேரம் போகுது தம்பி!" என்றாள் சாந்தாமணி. "மூணு மணி ஆகப்போகுது. ஆறரைக்குள்ள போகணும். சைக்கிளை வித்துடறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், தெரியுமில்ல உங்களுக்கு? எதையாவது போட்டுக்கிட்டுக் கிளம்பலாம்னா..."

"போகட்டும்க்கா."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு அவனை அடிக்கலாம்போல இருந்தது. எழுந்து போகக் காலில் வலு இல்லை. தலையை மேசை மேல் வைத்துக் கண்ணை மூடினாள்.

மறுபடி அலாரம். போனை எடுத்து முழுவதுமாக அணைத்தாள்.

உள்ளே எங்கேயோ கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம் கேட்டது. சுர்ரென்றது. மாவு விழுந்தது. கரண்டியின் அடி கல்லில் வட்டம் போகிற ஓசை. எண்ணெய் வாசம் வந்தது. அவள் ஒன்றும் நினைக்கவில்லை. எத்தனை கிராம் என்று நினைக்கவில்லை. மணி என்ன என்றும் நினைக்கவில்லை.

நாக்குக்கு அடியில் எச்சில் ஊறியது.

அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு தலையைத் தூக்காமல் கூப்பிட்டாள்.

"அம்மா."

"சொல்லு கண்ணு."

"தோசை. முறுகலா வேண்டாம். மெத்துன்னு, நடுவுல வெள்ளையா."

"சரி. சட்னி, சாம்பாரு..."

"ரெண்டும் வேண்டாம். சர்க்கரை."

"நாட்டுச் சர்க்கரையா?"

"வெள்ளைச் சர்க்கரை." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினாறு வருடமாக ஒவ்வொரு அட்டவணையிலும் அவள் சிவப்பு மையால் அடித்த பண்டம் அது. "தோசை மேலயே தூவிக் கொண்டாங்க. நிறைய. அப்புறம் ஒரு லெமன் சோடா. அதுல மட்டும் உப்பு."

கடைக்காரம்மா சிரித்துவிட்டார். "சின்னப் புள்ளையாட்டம் கேக்கற."

"ஆமாங்க," என்றாள் சாந்தாமணி. "பசிக்குது."

இம்தியாஸ் எழுந்தான். சைக்கிளை எடுத்தான்.

"நான் கிளம்பறேன்க்கா."

"நீங்க சாப்பிடல?"

"எனக்குப் பசிக்கல."

அவன் காற்றுக்குள் குனிந்து போவதை அவள் பார்த்தாள். அதற்குள் தோசை வந்துவிட்டது. சூட்டில் சர்க்கரை பாதி உருகி, பாதி பல்லில் நறநறத்தது. முதல் தோசையை வேகமாகத் தின்றாள். இரண்டாவதை நிதானமாக. மூன்றாவதில் பாதி ஆனதும் வயிறு போதும் என்றது. மீதியை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். இலையில் மிச்சம் வைத்து அவள் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"வழிக்கு ஏதாச்சும் எடுத்துக்கறயா?" என்று கடைக்காரம்மா கேட்டார்.

அவள் கண்ணாடிப் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "முறுக்கு ஒரு கை. அந்தத் தேங்காய் பிஸ்கட் நாலு."

தன் பையில் இருந்த பொட்டலங்களை மேசை மேலேயே விட்டுவிட்டாள்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஏறி மிதித்தாள்.

காற்று அப்படியேதான் இருந்தது. முதல் ஐந்து கிலோமீட்டர் நரகம். ஆறாவதில் தொடைக்குள் சூடு இறங்கியது. பொள்ளாச்சி வரும்போது நாலு ஐந்து. அங்கே வண்டி வடக்கே திரும்பியதால் காற்று முகத்தை விட்டுப் பக்கத்துக்குப் போனது. ஒருமுறை முறுக்கு தின்ன வேண்டும்போல இருந்தது, தின்றாள். ஒருமுறை தண்ணீர் மட்டும். கிணத்துக்கடவில் ஐந்து பத்து. ஓர் ஏற்றத்தில் கால் தளர்வது தெரிந்தது. தளர்ந்து போவதற்கு முன்பே தெரிந்தது. இரண்டு பிஸ்கட் எடுத்து வாயில் போட்டாள்.

மண்டப வாசலில் இறங்கியபோது ஆறு மணி இருபத்தோரு நிமிடம்.

அட்டையை வாங்கி முத்திரை குத்தியவர் கை கொடுத்தார். அவள் போனை உயிர்ப்பித்து வீட்டுக்கு ஒரே ஒரு வரி அனுப்பினாள்: முடிச்சுட்டேன். ஆறுச்சாமியிடமிருந்து உடனே பதில் வந்தது: சைக்கிளை உள்ள மாட்டி வெக்க சுவத்துல ஆணி அடிச்சுட்டிருக்கேன், மெதுவா வா.

அவள் இம்தியாஸைத் தேடினாள். அவன் மண்டபத்தின் ஓரத்தில் ஒரு பாயில், வாயைத் திறந்துகொண்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் காலித் தட்டு.

எழுப்ப நினைத்தாள். எழுப்பவில்லை.

பந்தி மேசையில் அண்டா நிறையத் தயிர் சாதமும் ஒரு தட்டில் அவித்த முட்டையும் இருந்தன. அவள் தட்டை எடுத்துக்கொண்டு நின்றாள். அதே நேரத்தில் வந்து சேர்ந்த இரண்டு இளைஞர்கள் பின்னால் வந்து நின்றார்கள். இருவருக்கும் முகம் செத்திருந்தது. அவள் கால் தானாக ஒரு அடி விலகி அவர்களுக்கு வழி விடப் போனது. பிறகு இருந்த இடத்திலேயே ஊன்றிக்கொண்டது.

பரிமாறுகிறவர் ஒரு கரண்டி வைத்தார். இரண்டு முட்டை வைத்தார். இன்னொரு கரண்டி வைத்தார்.

"போதுங்களா?"

போதும் என்பது அவள் உதட்டுக்கே வந்துவிட்டது. அவள் தட்டைப் பார்த்தாள். இன்னொரு கையை வயிற்றின் மேல் வைத்தாள். பரிமாறுகிறவர் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தார். பின்னால் இருந்தவர்களும் காத்திருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை.

"இன்னும்," என்றாள்.